ஐஎஃப்ஆர் தகுதி காலாவதியானவர்களே, அந்த இரண்டாவது ஆறு மாதம் பறப்பதற்கு இல்லை

போன வாரமும் ஐஎஃப்ஆர் (மேகத்துக்குள்ளும் கருவிகளை நம்பிப் பறப்பதற்கான விதிகள்) தகுதி விட்டுப்போன விமானி ஒருவர், பயிற்றுநரான என்னிடம் வந்தார். மறுநாள் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும், மேகம் தாழ்வாக இருக்கும் என்கிறார்கள், லாக்புக்கில் ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்கள் என்றார். புரட்டிப் பார்த்தால் கடைசியாக அப்ரோச் (கருவிகளைப் பார்த்து ரன்வேயை நோக்கி இறங்குவது) பறந்து ஒன்பது மாதம் ஆகிறது. "அதனாலென்ன சார், சலுகைக் காலம் இன்னும் முடியலையே" என்று அவர் சொன்னபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏனென்றால் இதே பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அதுவும் பொறுப்பில்லாதவர்களிடம் இல்லை, நன்றாகப் பறக்கத் தெரிந்த, கவனமான ஆட்களிடம்.

எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) உரிமம் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், விதி 61.57. ஐஎஃப்ஆர் பயணத்துக்கு நீங்கள் பைலட் இன் கமாண்டாக (விமானத்துக்கு முழுப் பொறுப்பான விமானியாக) இருக்க வேண்டுமானால், பறக்கும் மாதத்துக்கு முந்தைய ஆறு காலண்டர் மாதங்களுக்குள் ஆறு அப்ரோச், ஹோல்டிங் (ஒரே இடத்தில் வட்டமடித்துக் காத்திருப்பது), அப்புறம் வழிகாட்டிக் கருவிகளைக் கொண்டு ஒரு பாதையைப் பிடித்துத் தொடர்வது, இவை மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். இது விட்டுப்போனால் அடுத்த ஆறு மாதம் என்று ஒன்று வருகிறது. அதைத்தான் எல்லோரும் 'சலுகைக் காலம்' என்கிறார்கள், குழப்பமும் அங்கேதான்.

அந்த ஆறு மாதத்தில் கிடைக்கும் ஒரே சலுகை, தேர்வு மாதிரியான ஐபிசி (கருவிப் பறப்புத் திறனைப் பறந்து காட்டும் சோதனை) இல்லாமலேயே விட்டதை நீங்களாகப் பறந்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதுதான். ஐஎஃப்ஆரில் பறக்கலாம் என்று விதியில் எங்கேயும் இல்லை. தேதி வைத்தே சொல்கிறேன். ஆறு அப்ரோச்சும் ஹோல்டிங்கும் ஜனவரி 10 அன்று முடித்தீர்கள், அதன் பிறகு எதுவுமே செய்யவில்லை என்றால் ஜூலை 31 வரை உங்களுக்குத் தகுதி உண்டு. ஆகஸ்ட் 1 முதல் கிடையாது. ஆகஸ்டிலிருந்து அடுத்த ஜனவரி 31 வரை சேஃப்டி பைலட்டோடு (பக்கத்தில் உட்கார்ந்து வெளியே கவனிக்கும் விமானி), வெளியே தெரியாமல் மறைக்கும் ஹூட் போட்டோ, அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரிலோ அந்தக் கணக்கை முடித்தால் தகுதி திரும்பிவிடும். பிப்ரவரி 1 ஆகிவிட்டால் ஐபிசி தவிர வேறு வழியே இல்லை. ஆக, ஆகஸ்ட் 1 அன்று ஐஎஃப்ஆர் பிளான் போட்டுக் கிளம்பினாலே விதிமீறல். வானம் பளிச்சென்று இருந்தாலும் அப்படித்தான். "மேகமே இல்லையே, சும்மா பிளான் மட்டும்தானே போட்டேன்" என்பார்கள். விதி மேகத்தை மட்டும் பார்ப்பதில்லை, நீங்கள் எந்த விதிப்படி பறக்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறது. தகுதி நடப்பில் உள்ள பயிற்றுநர் பைலட் இன் கமாண்டாக உட்கார்ந்து தன் பொறுப்பில் பிளான் போட்டால் அது வேறு விஷயம், அப்போது மேகத்துக்குள்ளேயே பயிற்சி எடுக்கலாம்.

சேஃப்டி பைலட்டுக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிப் பறப்புக்கான தகுதிச் சான்று) வேண்டுமா என்று கேட்காதவர் இல்லை. விஎஃப்ஆரில் (வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளில்) பறக்கும்வரை வேண்டாம். அந்த வகை விமானத்துக்கான ரேட்டிங்கோடு குறைந்தது பிரைவேட் பைலட் உரிமமும் செல்லுபடியாகும் மருத்துவத் தகுதியும் போதும். அவர் பெயரை லாக்புக்கில் எழுதுங்கள், இதை மறப்பவர்கள் ஏராளம்.

ஹோல்டிங்கும் அப்படித்தான். ஆறு அப்ரோச் வரிசையாக எழுதியிருக்கும், ஹோல்டிங் ஒன்றுகூட இருக்காது. அப்படியென்றால் கணக்கு முடியவில்லை, அவ்வளவுதான். ஹூட் போட்டுப் பறந்த அப்ரோச்சை மினிமம்ஸ் (ரன்வே தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக் கூடாத உயரம்) வரை கொண்டுபோகாமல் பாதியில் விட்டுவிட்டு எழுதிக்கொள்வதும் செல்லாது. உண்மையான மேகத்தில் ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸை (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளி) தாண்டிய பிறகு வெளியே வந்தீர்கள் என்றால் எழுதலாம்.

சரி, சட்டம் போகட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ஆறையும் ஒரே ரன்வேயின் ஐஎல்எஸ்ஸில் (ரேடியோ வழிகாட்டலில் இறங்கும் முறை), முழுக்க ஆட்டோபைலட்டில் முடித்துவிட்டு வருகிறவர்கள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆட்டோபைலட்டை அணைக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் உயரம் ஒரு பக்கம், திசை ஒரு பக்கம் போகும். கருவிகளின் மேல் கண் ஓடும் ஒழுங்குதான் முதலில் மறந்துபோகிறது, அது போய்விட்டது என்பதும் நமக்கே தெரியாது. 1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சியே இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தபோது சராசரியாக 178 விநாடியில் கட்டுப்பாட்டை இழந்தார்கள். "அவர்களுக்குப் பயிற்சி இல்லை, எனக்கு ரேட்டிங் இருக்கிறதே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கலபாசஸ் அருகே கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த ஹெலிகாப்டரின் விமானிக்கு ரேட்டிங் இருந்தது. விஎஃப்ஆரில் போய்க்கொண்டிருந்தவர் மேகத்துக்குள் நுழைந்தார், திசை உணர்வு தடுமாறியது என்றுதான் அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி முடிவுக்கு வந்தது. அட்டையில் இருக்கும் ரேட்டிங் உள்காதுக்குத் தெரியாது.

திரும்ப வருகிறவர்கள் அப்ரோச்சில் ஆரம்பிக்காதீர்கள். முதல் அமர்வை சிமுலேட்டரில் வையுங்கள். நேர் பறத்தல், திருப்பம், ஏற்றம், இறக்கம், எல்லாம் கையால். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் தப்பித்துப்போன கண் ஓட்டம் அங்கேதான் திரும்பக் கிடைக்கும். 2018ல் விதி மாறிய பிறகு, அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டர் என்றால் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமலேயே கணக்கில் சேர்க்கலாம். வீட்டுக் கணினியில் ஓட்டுவது கணக்கில் வராது, ஆனாலும் ஜிபிஎஸ் பொத்தான்கள் கைக்குப் பழக அதுவே போதும். ஐஎல்எஸ்ஸுக்குப் போகும்போது ஊசியை ஜிபிஎஸ்ஸிலிருந்து மாற்ற மறப்பதும், மிஸ்டு அப்ரோச்சில் (தரையிறங்காமல் மறுபடி ஏறும்போது) ஜிபிஎஸ்ஸின் சஸ்பென்ட் பொத்தானை அழுத்த மறப்பதும், இடைவெளி விட்டவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறுகள். அப்புறம் விமானத்துக்கு வாருங்கள். விதவிதமான அப்ரோச், ஒன்றாவது முக்கியக் கருவியை மூடிவைத்து, ஒன்றாவது தரையிறங்காமல் மிஸ்டு போய் அப்படியே ஹோல்டிங்கில் நுழைந்து.

ஐபிசி என்றால் ஏன் இவ்வளவு பயம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதில் தோல்வி என்று எதுவும் பதிவாகாது. சரியாக வரவில்லை என்றால் பயிற்சி நேரமாக எழுதுவோம், இன்னொரு நாள் மறுபடி பறப்போம். சர்க்ளிங் (ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது), அசாதாரண நிலையிலிருந்து மீள்வது எல்லாம் அதில் உண்டு, அதனால் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். பயணத்துக்கு முந்தைய நாள் வரவே வராதீர்கள், அன்றைக்கு என்னால் கையெழுத்து போட முடியாது, கெஞ்சினாலும் போடமாட்டேன்.

தகுதி திரும்பிய பிறகும் உடனே 200 அடி மினிமம்ஸுக்குப் போகாதீர்கள், தயவுசெய்து. கொஞ்ச நாளைக்கு மேகத்தின் அடி 1000 அடிக்குக் கீழே இருந்தால் கிளம்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் சில பயணங்களுக்குப் பயிற்றுநரையோ அனுபவமுள்ள நண்பரையோ கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் மாதக்கணக்கில் ஐஎஃப்ஆரில் பறக்கவில்லை என்றால் விமானத்தின் காகிதங்களும் அப்படியே கிடந்திருக்க வாய்ப்பு அதிகம். விஓஆரை (தரை ரேடியோ வழிகாட்டி) பயன்படுத்துவதென்றால் அதன் சோதனை 30 நாளுக்குள், பிடோ-ஸ்டேட்டிக்கும் (காற்றழுத்தத்தை வைத்து உயரமும் வேகமும் காட்டும் அமைப்பு) டிரான்ஸ்பாண்டரும் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) சோதித்து 24 காலண்டர் மாதத்துக்குள், ஜிபிஎஸ் தரவு 28 நாளுக்கு ஒருமுறை. முதல் ஐஎஃப்ஆர் பிளான் போடுவதற்கு முன்னால் இந்தத் தேதிகளையும் பார்த்துவிடுங்கள்.