ஃபுதூஹ்: திறந்ததா, கொண்டதா?

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த பலாதுரீயின் அரபி நூல் ‘ஃபுதூஹுல் புல்தான்’; முஸ்லிம் படைகள் நாடுகளையும் ஊர்களையும் பிடித்த வரலாறு. புல்தான் என்றால் நாடுகள், ஊர்கள்; அதில் சிக்கல் இல்லை. ஃபுதூஹ்தான் மொழிபெயர்ப்பவரைத் திணறடிக்கும். ‘ஃபத்ஹ்’ என்பதன் பன்மை அது. வேரின் பொருள் ‘திற’. சாவிக்கு அரபியில் மிஃப்தாஹ். நம்மூரில் பாத்திஹா ஓதுகிறார்களே, அதுவும் இந்த வேர்தான்: குர்ஆனைத் திறந்துவைக்கும் அத்தியாயம்.

ஊரைப் பிடிப்பதை ஏன் ‘திறப்பு’ என்றார்கள்? 635இல் டமாஸ்கஸ் விழுந்த கதையில் அது கண்ணெதிரே நடக்கிறது. ஒரு வாசல் உடன்பாட்டால் திறந்தது, இன்னொரு வாசலில் படை அடித்து நுழைந்தது. முஸ்லிம் படையின் இரு தளபதிகளான காலிதும் அபூ உபைதாவும் நகர் நடுவே சந்தித்தார்கள். யார் எந்த வாசல் என்பதில் அறிவிப்புகள் முரண்படுகின்றன. கடைசியில் ஊர் முழுவதும் உடன்பாட்டுக் கணக்கிலேயே எழுதப்பட்டது.

இந்தக் கணக்கு வெறும் கதைக்காக அல்ல. நிலவரியும் உடன்படிக்கைப் பணமும் இதைப் பொறுத்தவை. அதனால்தான் 13ஆம் நூற்றாண்டில் யாகூத் அல் ஹமவீ அகரவரிசையில் ஊர்களைத் தொகுத்தபோதும், பல ஊர்களுக்கு எந்த ஆண்டு, யார் கையில், ‘சுல்ஹ்’ வழியா ‘அன்வா’ வழியா என்று குறித்துவைத்தார். சுல்ஹ் சமாதானம், அன்வா பலவந்தம். சிந்துவில் நீரூன் என்ற ஊர் சுல்ஹ். தேபல் அன்வா: 500 பேர் இழுத்து இயக்கிய கல்லெறி பொறி கோயில் கொடிமரத்தை முறித்தது என்கிறார் பலாதுரீ. அந்தப் பொறிக்குப் பெயர் ‘மணப்பெண்’!

சரி, தமிழில்? ‘படையெடுப்பு’ பொருந்தாது; அது புறப்படுவதைத்தான் சொல்லும், ஊர் கைக்கு வந்ததைச் சொல்லாது. ‘ஆக்கிரமிப்பு’ தோற்றவர் வாய்ச்சொல். ‘ஃபத்ஹ் மக்கா’வுக்கு ‘மக்கா வெற்றி’ நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் சண்டையே இல்லாமல் வாசலைத் திறந்துவிட்ட ஊருக்கு வெற்றி என்பது கொஞ்சம் அதிகம். ‘திறப்பு’ என்றால் ரிப்பன் வெட்டுவதுதான் ஞாபகம் வரும்.

என் தேர்வு, நம் கல்வெட்டுச் சொல்லான ‘கொள்’. மதுரையைப் பிடித்த சோழன் பராந்தகன் ‘மதிரை கொண்ட’ கோப்பரகேசரி. ராஜேந்திரன் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான். ஃபத்ஹைப் போலவே இதுவும் வென்றவர் பக்கத்துச் சொல். அந்தச் சாய்வும் மொழிபெயர்ப்பில் வந்தாக வேண்டும். ஆக, ஃபுதூஹுல் புல்தான் ‘நாடுகள் கொண்ட வரலாறு’. சுல்ஹ் என்றால் உடன்பட்டுக் கொண்டது, அன்வா என்றால் வலிந்து கொண்டது.