நீடில் காஸ்ட்: ஊசி வார்ப்பும் இல்ல, ஊசி விலையும் இல்ல

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பு ஃபைல் செக் பண்ண வந்துச்சு, காடு வளர்ப்பு பத்தின பாடம். அதுல "சுவிஸ் ஊசி வார்ப்பு காரணமாக மரங்களின் வளர்ச்சி குறைகிறது"ன்னு ஒரு வரி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஏதோ ஃபவுண்டரி புகை மேட்டர் போலன்னு நெனச்சு ரெண்டாவது தடவ படிச்சேன், அப்புறந்தான் புரிஞ்சது, அது ‘சுவிஸ் நீடில் காஸ்ட்’, ஊசி மாதிரி இலை இருக்கிற மரத்துல இலைய கொட்ட வைக்கிற ஒரு பூஞ்சை நோய்.

காஸ்ட்ங்கிற சொல் பழைய நார்ஸ் மொழியிலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தது, அடி அர்த்தம் வீசுறது, எறியறது. வலை வீசுறதுக்கும் அதான், உருக்குன இரும்ப அச்சுல ஊத்துறதுக்கும் அதான், பாம்பு சட்டைய கழட்டிப் போடுறதுக்கும் அதான். நோய்ல இருக்கிறது அந்தப் பாம்பு சட்டை அர்த்தம், மரம் தன் இலைய தானே கழட்டிப் போடுது. சரி அப்படியே தமிழ் எழுத்துல போட்டுட்டா என்னன்னு கேக்கலாம், ஆனா தமிழ்ல காஸ்ட்னு எழுதுனா விலையும் அதான் சாதியும் அதான் நடிகர் பட்டியலும் அதான், ‘நீடில் காஸ்ட்’னு பாத்தா ஊசி போட எவ்ளோ ஆகும்னுதான் நம்மாளு கேப்பான்.

அடுத்தது ஊசி. சென்னைல வளந்தவங்களுக்கு ஊசியிலைன்னா உடனே ஞாபகம் வர்றது சவுக்கு. ஈசிஆர்ல முட்டுக்காடு தாண்டி ஒருநாள் வண்டிய நிறுத்திட்டு அக்கா பையனுக்கு ஒரு சவுக்கு ஊசிய எடுத்து இழுத்துக் காட்டுனேன், டக்குனு கணு கணுவா கழண்டு வரும், திருப்பி சொருகி வெச்சா எங்க உடைச்சோம்னு தெரியாது, அவன் அரை மணி நேரம் அதையே பண்ணிட்டிருந்தான். அது இலையே இல்லங்க, பச்சையா இருக்கிற மெல்லிசான கிளை, கணுல பல்லு மாதிரி குட்டியா சுத்தி நிக்குதே, அதான் இலை. சவுக்கு பூக்குற மரம், பைன் குடும்பத்துக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. லத்தீன்ல கூம்பு சுமக்கிறதுன்னு அர்த்தம் வர்ற கோனிஃபர் தமிழ் பாடபுத்தகத்துல ‘ஊசியிலை மரம்’ ஆயிடுச்சு. இதுலயும் ஒரு கூத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில இயற்கையாவே வளர்ற ஒரே கோனிஃபர் நாகேயா, அதுக்கு இலை அகலமா இருக்கும்! கொடைக்கானல்ல எல்லாரும் போட்டோ எடுக்கிற பைன் காடு வெளியூர்லேர்ந்து கொண்டாந்து நட்டது. இருந்தாலும் ஊசியிலைங்கிறது ஊன்றிப் போன சொல், இருக்கட்டும்.

இப்ப நோய்க்கு வருவோம். ஊறுகாய்ல வர்ற பூசணத்தோட சாதிசனம்தான் இதுவும், பூஞ்சைனு புத்தகத்துல சொல்றோம். வட அமெரிக்காவோட மேற்குக் கரையில டக்ளஸ் ஃபிர்னு ஒரு ஊசியிலை மரம், இந்த சுவிஸ் நோய் வர்றது அதுக்குத்தான், அதோட ஊசிய திருப்பிப் பாத்தா அடியில ரெண்டு வெளிர் கோடு ஓடும், அது முழுக்க வரிசையா இலைத்துளைங்க, மரம் மூச்சு விடுறது அது வழியாத்தான். வசந்தகாலத்துல புதுசா துளிர்க்கிற ஊசிமேல காத்துல வர்ற பூஞ்சை வித்து ஒக்காந்து, ஈரம் இருந்தா முளைச்சு, துளை வழியா உள்ள போயிடும். அப்புறம் அதே துளை வழியா கருப்பா ஒரு உருண்டை வெளிய எட்டிப் பாக்கும், நான் போட்டோவ ஜூம் பண்ணிப் பாத்தேன், நேர்புள்ளி கோலத்துக்கு கரிப்பொடில புள்ளி வெச்ச மாதிரி வரிசை தப்பாம இருக்கு. அந்த உருண்டை துளைய கார்க்கு மாதிரி அடைச்சிருது, கரியமில வாயு உள்ள போக வழியில்ல, ஏறக்குறைய பாதி துளை அடைஞ்சதும் மரம் அந்த ஊசிய கழட்டி விட்டுருது.

மரம் சாதாரணமா சாகாது, அதான் இந்த நோயோட விசேஷம். நல்லா இருக்கிற மரம் ஒரு ஊசிய மூணு நாலு வருஷம் வெச்சிருக்கும், சீக்கு மரத்துல ஒண்ணு ரெண்டு வருஷ ஊசிதான் மிஞ்சும், தலை மஞ்சளிச்சு ஆளு பின்னாடி நின்னா தெரியிற அளவுக்கு மெலிஞ்சிடும். இருக்கிற கொஞ்ச சாப்பாடு புதுத் துளிருக்கும் வேருக்கும் போனது போக, தண்டு பருக்கிறது க்யூல கடைசி, அதனால வருஷ வளையம் நூல் மாதிரி ஆயிடும். அமெரிக்காவோட ஓரிகன் மாநிலக் கடலோரத்துல 10லேர்ந்து 30 வயசு வரைக்கும் உள்ள தோட்டங்கள்ல 1996ஆம் வருஷ வளர்ச்சிய கணக்குப் போட்டப்ப சராசரியா 23 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, ரொம்ப மோசமான இடத்துல 52. குளிர்காலம் கதகதப்பாவும் வசந்தம் ஈரமாவும் இருந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? ‘ஊசியிலை உதிர்வு நோய்’னு சிலர் எழுதுவாங்க, தப்பில்ல, ஆனா உதிர்றதுன்னா எனக்கு காலம் முடிஞ்சு பழுத்து விழுறதுதான் தோணுது, இங்க காலத்துக்கு முன்னாடியே விழுது. அதனால புத்தகத்துக்கு ‘ஊசியிலை முன்னுதிர் நோய்’, பேச்சுல ‘ஊசி கொட்டுற நோய்’. கொட்டுறதுன்னு நான் சும்மா சொல்லல, முடி கொட்டுதுன்னு சொல்றப்ப அதுல ஒரு பதட்டம் இருக்கே, உதிர்ல அது இல்ல. ஜெர்மன்காரங்க இந்த மாதிரி நோய்க்கு ஊத்துறது, கொட்டுறதுன்னு அர்த்தம் வர்ற ‘ஷூட்டென்’ங்கிற வினைலேர்ந்து ‘ஷூட்டே’ன்னு பேர் வெச்சிருக்காங்க, அதப் பாத்தப்புறம் எனக்கு இன்னும் தெம்பு வந்துடுச்சு.

‘சுவிஸ்’ஸ மட்டும் நான் கை வைக்கல. மரமும் அமெரிக்கா, பூஞ்சையும் அமெரிக்கா, ஐரோப்பால கொண்டுபோய் நட்ட மரத்துல 1925ல சுவிட்சர்லாந்துல வெச்சு கண்டுபிடிச்சதால பழி அந்த ஊர் மேல. கண்ணு செவந்து வீங்குனா நாடு முழுக்க மெட்ராஸ் ஐன்னு நம்ம ஊர் தலைல கட்டுறாங்களே, அந்தக் கதைதான். ஃபைல்ல ‘சுவிஸ் ஊசியிலை முன்னுதிர் நோய்’னு மாத்தி அனுப்பிட்டேன். டக்ளஸ் ஃபிர்ரும் நெஜமான ஃபிர் கிடையாது, அந்தப் பஞ்சாயத்த இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.