வைத்திருந்தால் பேஜ், விட்டுவிட்டால் மருந்து

பல நாள் தேய்க்காத தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று ஒரு படிவு தட்டுப்படும். எத்தனை முறை அலசினாலும் அது போகாது. நாரை வைத்து அழுத்தித் தேய்த்தால்தான் போகும். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், மடிந்த செல்களிலிருந்து சிந்திய டிஎன்ஏ ஆகியவற்றால் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பான அந்தக் குடியிருப்புக்கு உயிரிப்படலம் என்று பெயர். குடத்தைத் தேய்த்துவிடலாம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் பொருத்திய செயற்கைக் குழாயின்மேல் அது படிந்துவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சிகிச்சை பெற்ற, எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. 2012இல் அவருக்குப் பொருத்தப்பட்ட டேக்ரான் இழைக் குழாயில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா குடியேறிவிட்டது. ஆன்டிபயாடிக் மருந்து அதை அடக்கி வைத்ததே தவிர, அடியோடு ஒழிக்கவில்லை. குழாயை வெட்டி எடுப்பதோ உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மருந்து தோற்றதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. படலத்தின் அடியாழத்தில் பிராணவாயுவும் உணவும் குறைவாகக் கிடைப்பதால் அங்குள்ள செல்கள் ஏறக்குறைய உறக்க நிலையில் கிடக்கின்றன. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளோ வளரும் செல்லின் வேலைகளைக் குலைத்துக் கொல்பவை என்பதால், வேலையே செய்யாத செல்லிடம் அவற்றின் பலம் எடுபடுவதில்லை. இரண்டாவது காரணம் சூடோமோனாஸ் செல்லின் மேலுறையில் இருக்கும் பம்புகள். உள்ளே நுழையும் மருந்து மூலக்கூறுகளை, ஒரு வகையை மட்டுமல்லாமல் பல வகைகளையும், இந்தப் புரதக் குழாய்கள் இறைத்து வெளியே தள்ளிவிடுகின்றன.

இங்கேதான் பேஜ் வருகிறது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸான இதை, பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் டெரெல் 1917இல் விவரித்துப் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். ஆன்டிபயாடிக்குகள் வந்த பிறகு மேற்கு நாடுகள் இதைக் கைவிட்டாலும், ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் இந்தச் சிகிச்சை தொடர்ந்து நடந்துவந்தது. பேஜ், பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குரிய ஒரு பிடிமானத்தைக் கண்டால்தான் ஒட்டும். ஒட்டியதும் தன் மரபணுவை உள்ளே செலுத்தி, அந்தச் செல்லையே தன் பிரதிகளைச் செய்யும் பட்டறையாக்கி, கடைசியில் உள்ளிருந்து சுவரை உடைத்துக்கொண்டு பல பத்து, சில சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட பேஜ்களாக வெளிவரும். பிடிமானம் இல்லாத செல்லை அது தீண்டுவதில்லை. நம் உடலின் செல்களும் அதற்குப் பொருட்டல்ல.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் சானும் பால் டர்னரும், அதே மாநிலத்தின் டாட்ஜ் குளத்து நீரிலிருந்து எடுத்த ஒரு பேஜ், சூடோமோனாஸின் அந்தப் பம்பின் வெளிமுனைப் புரதத்தையே பிடிமானமாகக் கொள்கிறது என்று 2016இல் அறிவித்தார்கள். பாக்டீரியா பேஜுக்கும் தப்பப் பார்க்கும். அதற்கு எளிய வழி பிடிமானத்தை மாற்றுவதோ இழப்பதோதான். ஆனால் இங்கே பிடிமானம் என்பது பம்பு. பம்பை வைத்திருந்தால் பேஜ் கொல்லும், பம்பைக் கெடுத்துக்கொண்டால் முன்பு பலிக்காத மருந்து பலிக்கும் என்பதால் அதன் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. பேஜ் சிகிச்சையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்: பாக்டீரியா பரிணாமத்தில் மாறுவதை நாம் தடுக்க முடியாது, ஆனால் அது எந்தப் பக்கம் மாற வேண்டும் என்று ஓரளவு நெருக்க முடியும்.

அந்த நோயாளியின் நெஞ்சுக்குழியில் இந்தப் பேஜும் செஃப்டாசிடிம் என்னும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து ஒரே ஒருமுறை செலுத்தப்பட்டன. சில வாரங்களில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அவசர அறுவை செய்ய வேண்டியிருந்தது. குழாயின் ஒரு பகுதி மாற்றப்பட்டபோது எடுத்த மாதிரிகளில் சூடோமோனாஸ் வளரவில்லை. பின்னர் மருந்து நிறுத்தப்பட்டும் தொற்று திரும்பவில்லை. அறுவையும் நடந்திருப்பதால் முழுப் பெருமையையும் பேஜுக்கே கொடுத்துவிட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

படலத்தைத் துளைக்கும் திறன் எல்லாப் பேஜுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதை ஆய்வகத் தட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். அகார் கூழின்மேல் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவே சிறிதளவு பேஜ் கலந்து ஓர் இரவு வைத்தால், காலையில் மங்கலான விரிப்பில் கண்ணாடிபோல் தெளிந்த வட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் செல்கள் மாண்டுபோன இடம். சில பேஜ்களின் வட்டத்தைச் சுற்றி, நிலவைச் சூழ்ந்த ஒளிவட்டம்போல் அரைத்தெளிவான வளையம் ஒன்றும் இருக்கும். பேஜின் வால் முனையில் உள்ள, சர்க்கரைச் சங்கிலிகளை அறுக்கும் நொதி கூழில் பரவி, பேஜ் எட்டாத தூரத்திலும் பாக்டீரியாவின் போர்வையை உரித்துவிட்டதன் தடம் அது. படலத்தைக் குலைக்க உதவக்கூடிய பேஜைத் தேடுபவர் முதலில் பார்ப்பது இந்த வளையத்தைத்தான். 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய நொதியொன்றின் மரபணுவை டி7 என்ற பேஜில் சேர்த்தபோது, ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் படலத்தில் இருந்த செல்களில் 99.997 விழுக்காடு அழிந்தன. அது ஆய்வகப் படலம். உடலுக்குள் நிலைமை கடினம். உறங்கும் செல்லில் பட்டறை ஓடாது என்பதால் பல பேஜ்களும் அங்கே பெருக முடியாமல் நின்றுவிடும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. தீக்காயத் தொற்றுக்காக பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஃபாகோபர்ன் ஆய்வில் 12 பேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள். வைத்திருந்த காலத்தில் கலவையின் வீரியம் குறைந்துபோனதால், திட்டமிட்டதைவிடப் பல மடங்கு குறைவான பேஜே காயத்தைச் சென்றடைந்தது. வழக்கமான வெள்ளிக் களிம்பே விரைவாகப் பலனளித்தது. நோயாளியின் பாக்டீரியா எந்தப் பேஜுக்கு மடிகிறது என்று முதலில் சோதித்து, அதன் பிறகே ஊசியைக் கையில் எடுக்கும் முறைதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

அப்படிச் சோதிக்க, கைவசம் நிறையப் பேஜ்கள் வேண்டும். மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்னும் பாக்டீரியாவின் தொற்றால் வாடிய, நுரையீரல் மாற்று சிகிச்சை பெற்றிருந்த 15 வயது பிரிட்டிஷ் நோயாளிக்காக, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் பல்லாண்டுகளாக மாணவர்களைக் கொண்டு சேர்த்திருந்த தொகுப்பில் தேடினார். பயன்பட்டவை மூன்றே மூன்று. அவற்றில் இரண்டை மரபணு மாற்றிச் சீர்செய்ய வேண்டியிருந்தது. இருந்தபடியே கொல்லத் தெரிந்த மூன்றாவதை, 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு மாணவி கண்டெடுத்திருந்தார், அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து.