கல்யாணம் ஆகவில்லை, கல்லூரியில் படிக்கிறேன், நாள் தள்ளிப்போயிருக்கிறது: யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். சுற்றிலும் கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, நர்சிங் கல்லூரி என்று நிறைந்த ஊர் என்பதால் கல்யாணம் ஆகாத மாணவிகள் கர்ப்பத்தோடு வருவது எங்கள் ஓ.பி.யில் புதிதில்லை. அவர்களில் பெரும்பாலானவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான் என் கவலை. போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள், அப்பா அம்மா கையெழுத்து கேட்பார்கள், விஷயம் தெரிந்தால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, விடுதி அறையில் தனியாக அழுதே ஐந்தாறு வாரத்தைக் கழித்துவிட்டு வருகிறார்கள். கையில் இருக்கிற வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவது அந்த வாரங்களில்தான்.

"எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கும்மா?" என்று கேட்டால், "தெரியல மேடம், எனக்கு எப்பவுமே இர்ரெகுலர்தான், அதனால கண்டுக்கல" என்பது வழக்கமான பதில். பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி இருக்கிற பெண்கள் மாதம் தவறினாலே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் கணக்கிலும் ஒரு குழப்பம் வருகிறது. உறவு நடந்து இரண்டு மாதம்தானே ஆகிறது, அப்படியென்றால் எட்டு வாரம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. அதன்படி அது பத்து வாரத்தைத் தாண்டியிருக்கும். அதனால் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி நினைவிருந்தால் அதைச் சொல்லுங்கள், நினைவில்லை என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கிடைக்கிற சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்த அன்றைக்கோ மறுநாளோ ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். என்ன செய்வது என்று முடிவு எடுத்த பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள், முடிவு எடுப்பதற்கே எத்தனை வாரம் என்பது தெரிந்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கருக்கலைப்புக்கான எம்.டி.பி. சட்டம் 1971-ல் வந்து 2021-ல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். அந்த வகைகளில் கல்யாணம் ஆகாதவர்களும் சேர்வார்கள், கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்று பிரித்துப் பார்ப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு சொல்லிவிட்டது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து மட்டும் போதும். அப்பா, அம்மா, காதலன், விடுதி வார்டன் யாருடைய சம்மதமும் தேவையில்லை. இருபத்தொரு வயதுப் பெண்ணிடம் "வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிட்டு வா" என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அது சட்டம் கேட்பது இல்லை, அந்த மருத்துவமனையின் பழக்கம். துணைக்கு யாராவது இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை நிபந்தனையாக வைக்க முடியாது. பெயரை வெளியே சொன்ன மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். எங்கள் பதிவேட்டில் உங்களுக்கு ஒரு வரிசை எண் இருக்கும், கேஸ் ஷீட்டில் அந்த எண்தான் ஏறும்.

18 வயது நிறைந்து, தன் விருப்பத்தோடு உறவில் இருந்த பெண் கர்ப்பமாக வந்தால் அதைப் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதை மருத்துவமனை ஊழியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். விருப்பமில்லாமல் நடந்தது என்றால் புகார் கொடுக்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது, சிகிச்சை அந்தப் புகாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

18 நிறையாதவர்களுக்கு வேறு கணக்கு. பிளஸ் டூ முடித்த கையோடு கல்லூரியில் சேர்கிற பல பெண்களுக்கு முதல் செமஸ்டரில் 17 வயதுதான் ஆகியிருக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நாங்கள் போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், பாதுகாவலரின் சம்மதமும் தேவை. ஆனால் அதே 2022 தீர்ப்பில், அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீஸுக்கு எழுதும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது தெரியாததால் எத்தனை பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருக்கிறார்களோ என்று நினைத்தால் மனசு பதறுகிறது.

மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கருக்கலைப்பு மாத்திரையை 9 வாரம் வரைதான் கொடுக்க அனுமதி, அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. தோழியின் தோழி வழியாகவோ ஊர் தாண்டிய மருந்துக்கடையிலோ வாங்கி விழுங்கிவிட்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாப்கின் நனைந்துகொண்டே இருக்க, முகம் வெளுத்து, நாடி ஓட ஓட வருகிற பெண்களை இரவு டியூட்டியில் பார்க்கிறோம். கரு கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. வலியும் இரத்தப்போக்கும் மாத்திரையால் வந்ததுதான் என்று நினைத்து அறையிலேயே படுத்திருப்பாள், உள்ளே குழாய் வெடித்து இரத்தம் வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் தாங்க முடியாத வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், மயக்கம் இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று தெரிந்தால் எங்கள் வேலை சுலபமாகும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம், அதை எந்த மருந்துக்கடைக்காரரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

சரி, குழந்தையைப் பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்த பெண் என்ன செய்வது? அப்படி முடிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சிலருக்கு அது முழு விருப்பம், சிலருக்கு வாரம் கடந்துபோனதால் வேறு வழியில்லை. இரண்டு பேருக்குமே மருத்துவக் கவனிப்பு ஒன்றுதான், அதில் ஒரு மாத்திரை கூடக் குறையக் கூடாது.

தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற சுகாதார மையத்திலோ பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்த ஊருக்குப் போய்த்தான் பதிய வேண்டும் என்று இல்லை. அங்கே பிக்மி எண் என்று கர்ப்பிணிகளுக்கான பதிவு எண் ஒன்று தருவார்கள், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவைப்படும். ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து மாத்திரை, டி.டி. ஊசி, இரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கேயே கிடைக்கும். அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம், சிசேரியன் ஆனாலும் இலவசம், மருந்தும் சாப்பாடும் அதில் சேர்த்தி. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பார்கள். விடுதி மெஸ்ஸில் காலையில் இரண்டு இட்லியோடு ஓடுகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை, எங்களிடம் வரும் மாணவிகளில் இரத்தசோகை இல்லாதவரைப் பார்ப்பதே அரிது.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில்தான் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது "வீட்டுக்காரர் பேரு?" என்று சத்தமாகக் கேட்பார்கள். அந்த நேரத்தில் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், அதுவே எல்லாத் தாளிலும் ஏறி, பிரசவம் ஆன பிறகு பிறப்புப் பதிவு வரை துரத்தும். க/பெ என்று இருக்கிற இடத்தில் த/பெ என்று மாற்றி அப்பா பெயரைக் கொடுக்கலாம், அம்மா பெயரையும் கொடுக்கலாம். பொய்ப் பெயர் வேண்டாம். மணமாகாத தாய் குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லாமலே பாதுகாவலராக இருக்கலாம், அவள் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்திருக்கிறது. கவுன்டரில் இருக்கிறவருக்கு அது தெரியவில்லை என்றால் தீர்ப்பின் நகலோடு போங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அந்த நகலுக்கும் உதவுவார்கள்.

அடுத்தது படிப்பு. நான் மன்றாடிக் கேட்கிறேன், கல்லூரியிலிருந்து கூப்பிட்டு "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடும்மா, உனக்கும் நல்லது, காலேஜுக்கும் நல்லது" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். டி.சி. வாங்கிவிட்டால் திரும்பச் சேர்வது பெரும்பாடு. அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு மகப்பேறுக்காக வருகைப் பதிவில் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்குக் கால நீட்டிப்பு போன்றவற்றுக்கு விதி வகுக்கச் சொல்லி யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பர் 14 அன்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியிருக்கிறது. அதில் மாணவிகள் என்றுதான் இருக்கிறது, கல்யாணம் ஆனவர்கள் என்று இல்லை. ஆராய்ச்சி மாணவியாக இருந்தால் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. கேரளத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு 60 நாள் விடுப்பு கொடுத்தது. 2023 மே மாதம் எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக நின்றது, படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்வு செய்யச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம்.

நம் ஊர் நடைமுறையில் இதை எப்படிக் கேட்பது? 75 சதவீத வருகை இல்லாவிட்டால் மருத்துவக் காரணத்துக்குக் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம், கட்டித் தேர்வு எழுதும் வழி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அதுவும் போதாது என்றால் பிரேக் ஆஃப் ஸ்டடி கேட்டு, ஒரு செமஸ்டரோ இரண்டோ விட்டு மறுபடி சேரலாம். மருத்துவச் சான்றிதழில் என்ன எழுத வேண்டும் என்று எங்களிடம் பேசுங்கள். "மருத்துவ ஓய்வு தேவை, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை" என்று எழுதினால் போதுமா, காரணத்தைக் குறிப்பிட வேண்டுமா என்பதை உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்து உங்களோடு பேசித்தான் முடிவு செய்வோம். துறைத்தலைவரிடம் வாயால் பேசி முடிக்காதீர்கள், எழுத்தில் கொடுத்து, நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலோ ஏப்ரல், மே மாதத்திலோ தேர்வும் பிரசவத் தேதியும் மோதினால் அந்தப் பேப்பர்களை அரியராக விடலாம், அதில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

விடுதியில் இருக்க முடியாது, வீட்டிலும் சேர்க்கவில்லை என்றால் 181-ஐக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சில நாள் தங்க இடம் தருவார்கள், அங்கிருந்து நீண்ட நாள் தங்குகிற சக்தி சதன் போன்ற இல்லங்களுக்கு ஏற்பாடு செய்வார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார், அதற்கு 15100-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையின் தகப்பன் கைவிட்டுப் போயிருந்தாலும் குழந்தைக்கான ஜீவனாம்சத்தை அவனிடம் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது, கல்யாணம் நடக்கவில்லை என்பது அதற்குத் தடை இல்லை.

பெற்ற பிறகு வளர்க்க முடியாது என்ற நிலை வந்தால், குழந்தையை யாரிடமும் ரகசியமாகக் கொடுத்துவிடாதீர்கள். "பிள்ளை இல்லாத நல்ல குடும்பம், ஆஸ்பத்திரிச் செலவையும் அவங்களே பார்த்துக்குவாங்க" என்று யாராவது தேடி வந்தால் அவர்கள் தரகர்கள், காசு கைமாறினால் அது குழந்தை விற்பனைக் குற்றம். முறையான வழி மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. அங்கே ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் 60 நாள் யோசிக்க அவகாசம் உண்டு, அதற்குள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பிறகு அரசு மூலமாகத்தான் தத்துக் கொடுக்கப்படும். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் நம் ஊரில் இருக்கிறது. முட்புதரில் பச்சைக் குழந்தை என்று செய்தி வரும்போதெல்லாம், அந்தத் தாய்க்கு இந்த வழியைச் சொல்ல ஒரே ஒரு ஆள் கூடக் கிடைக்கவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வார்டன், பேராசிரியர், விடுதித் தோழி, அக்கா, அத்தை என்று முதலில் விஷயம் தெரிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாருடைய பிள்ளை, எப்படி நடந்தது, இனிமேல் யார் உன்னைக் கட்டிக்குவா என்ற விசாரணை அப்புறம் இருக்கட்டும், முதல் நாளில் வேண்டாம். சாப்பிட்டாளா, வலி இருக்கிறதா, தூங்குகிறாளா என்று கேளுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு முறை சொன்னாலும் அவளை அன்று இரவு தனியாக விடாதீர்கள். 14416-ல் எந்நேரமும் மனநல ஆலோசகர் பேசுவார், தமிழிலேயே பேசலாம், 104-லும் பேசலாம். வீட்டுக்கு அவளைக் கேட்காமல் போன் போடாதீர்கள். எந்த வீட்டில் அணைத்துக்கொள்வார்கள், எந்த வீட்டில் அடிப்பார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பல வீடுகளில் முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மாவே ஏழாம் மாதத்தில் டிபன் கேரியரோடு வந்து எங்கள் வார்டில் உட்கார்ந்திருக்கிறார், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை வரும்போது கடைசி மாதவிலக்குத் தேதி, ஏற்கெனவே எடுத்த பரிசோதனை முடிவு, போட்ட மாத்திரையின் அட்டை, வயதுக்கு ஆதாரமாக ஏதாவது ஓர் அட்டை இவை இருந்தால் கொண்டு வாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் வாருங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் "மேடம், கொஞ்சம் தனியா பேசணும்" என்று மட்டும் நர்ஸிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. காலையில்தான் இருக்கும், ஆனால் இரத்தப்போக்கோ வலியோ இருந்தால் நேரம் பார்க்காமல் நேராகப் பிரசவ வார்டுக்கே வந்துவிடலாம்.