கேட்கிறது, ஆனால் புரியவில்லை

"காது கேக்குது மேடம், பேசுறதுதான் புரியல." புதுச்சேரியில் காது பரிசோதனை செய்யும் எனக்கு நடுவயதைத் தாண்டியவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இதுதான். கூட வந்த மகனோ மருமகளோ உடனே, "வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது" என்பார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். வந்தவர் சொல்வதுதான் உண்மை.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவுக்கு வீட்டில் எந்தச் சிரமமும் இல்லை. கடையில் உட்கார்ந்தால்தான் தொல்லை. நாலு பக்கமும் விலை கூவுகிறார்கள், பக்கத்தில் மீன் வெட்டுகிறார்கள், அத்தனையும் கூரையில் மோதித் திரும்புகிறது. எதிரே நிற்பவர் 'கால் கிலோ' என்றாரா 'நாலு கிலோ' என்றாரா என்று பிடிபடவில்லை. திருப்பிக் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்.

பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் வலுவானவை, தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் க, ச, த போன்ற ஒலிகள் மெலிந்தவை. அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வயதும் இரைச்சலும் முதலில் கெடுப்பது அந்த மேல் பகுதியைத்தான். சந்தடி இல்லாத இடத்தில், விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்பிவிடும். சந்தையில் மிச்சமிருப்பதையும் இரைச்சல் மூடிவிடுகிறது. குரல் காதில் விழும், சொல் விழாது.

நல்ல செவித்திறன் உள்ளவர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? முக்கியமாக, இரண்டு காதுகளால். வலப்பக்கம் எழும் ஒலி இடது காதை எட்ட, அதிகபட்சம் மில்லி விநாடியில் முக்கால் பங்குக்கும் குறைவாகத்தான் தாமதமாகும். அந்தத் துளி வித்தியாசத்தையும், தலை மறைப்பதால் குறையும் சத்தத்தையும் வைத்தே எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று மூளை பிரிக்கிறது. 1953இல் வெளியான ஆய்வில் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஆளுக்கு ஒவ்வொரு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். ஒன்றைச் சுலபமாகப் பின்தொடர்ந்தார்கள். மற்றதில் மொழி மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. இரண்டு பேச்சையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தபோதோ, பிரித்தெடுக்க மிகவும் திணறினார்கள்.

சரி, பரிசோதனையில் இது தெரியுமா? சாதாரண ஆடியோகிராம் சத்தமில்லாத அறையில், 'பீப்' ஒலிகளை வைத்து எடுப்பது. அதில் 'நார்மல்' என்று வந்தும் கூட்டத்தில் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பலத்த இரைச்சல் கேட்ட எலிகளை ஆராய்ந்தார்கள். கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, ஆனால் செவி நரம்பின் இணைப்புகளில் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட் நார்மல் என்றால் புகாரும் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்கவைத்து எடுக்கும் பரிசோதனை தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

காது மெஷின் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு காதிலும் குறை இருக்க, செலவுக்குப் பயந்து ஒன்றுக்கு மட்டும் வாங்குகிறார்கள். அப்புறம் கூட்டத்தில் பயனில்லை என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். திசை பிரிக்க மூளைக்கு இரண்டு காதும் வேண்டும். முன்பக்கத்துக் குரலைத் தூக்கிக்கொடுக்கும் திசை மைக் உள்ள மெஷின் என்றால், இரைச்சல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள்.

வீட்டிலுள்ளவர்கள் அடுப்படியிலிருந்து கத்தவேண்டாம். கத்தும்போது உயிரொலிதான் பெருகும், க-வும் ச-வும் தெளிவதில்லை. டிவியை நிறுத்திவிட்டு, அருகில் வந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசுங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானாலே குரல் 6 டெசிபல் கூடும். உதட்டசைவு தெரிந்தால் இன்னும் நிறையப் புரியும். புரியவில்லை என்றால் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், வேறு விதமாகச் சொல்லிப்பாருங்கள்.

ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்பது குறைந்தால் மேலே சொன்ன எதையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.