கெழுவா, குணகமா?

இயற்கணிதத்தில் coefficient என்பதற்கு, 'மாறிக்கு முன்னால் நிற்கும் எண்தான் கெழு' என்ற விளக்கம் பயிற்சிநூல்களில் ஓயாமல் வருகிறது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'குணகம்' என்றும் போட்டுவிடுகிறார்கள். விளக்கம் தவறு, அடைப்புக்குறி வேண்டாதது.

coefficient என்ற சொல்லுக்கு லத்தீனில் 'உடன்நின்று விளைவிப்பது' என்று பொருள். இயற்கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் வியெத்.

கெழு சங்கச் சொல். குன்றுகெழு நாடன், துறைகெழு ஊரன் என்னும்போது 'பொருந்திய' என்று பொருள். குறளின் கெழுதகைமையும் (802) இதன் உறவே. 'குருவும் கெழுவும் நிறனா கும்மே' என்று தொல்காப்பியம் சொல்லும் நிறப்பொருளுக்கு இங்கே வேலையில்லை.

பொருந்துவது என்றாலே எதனோடு என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விதான் முக்கியம். க, ம இரண்டும் மாறிகளாயின், 5கம² என்ற உறுப்பில் ம²-இன் கெழு 5க, க-வின் கெழு 5ம², எண்கெழு 5. 'முன்னால் நிற்கும் எண்' என்று படித்தவர் மூன்றுக்கும் 5 என்றே எழுதுவார். குறியும் கெழுவில் அடக்கம். ம² − 7ம + 12 = 0 என்பதில் ம-வின் கெழுவை −7 என்று எடுக்காமல் 7 என்று எடுத்தால், மூலங்களின் கூடுதல் 7-க்குப் பதில் −7 என்று வரும். எண்ணே எழுதாத ம²-க்குக் கெழு 1. இல்லாத உறுப்புக்குக் கெழு 0. ம³ − 1-ஐ ம − 1-ஆல், கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதி வகுக்கும் தொகுமுறையில் வகுக்க 1, 0, 0, −1 என நான்கையும் எழுத வேண்டும். பூச்சியங்களை விட்டால், ஈவு ம² + ம + 1 என்று வராமல் வெறும் 1 என்று நின்றுவிடும்.

குணகம் 'குணித்தல்', அதாவது பெருக்குதல், வழி வந்த வடசொல். பொருள் பிழையில்லை. ஆனால் 5கம²-இல் எல்லாமே ஒன்றையொன்று பெருக்குகின்றன. எதை எதனுடையது என்று பிரித்துச் சொல்ல அந்தச் சொல்லுக்கு வழியில்லை. பெருக்கும் எண்ணைச் சொல்லப் 'பெருக்கி' இருக்கவே இருக்கிறது. போதாக்குறைக்கு, இன்றைய மாணவர் காதில் அது குணம் என்றுதான் விழும்.

இலங்கைப் பாடநூல்கள் குணகம் என்கின்றன. அங்கே, பொருள்களின் மீள்தன்மையைச் சொல்லும் யங்கின் அளவை (Young's modulus) 'மட்டு' என்பதால் குழப்பமில்லை. தமிழ்நாட்டு இயற்பியலிலோ யங் குணகமும் குணகம், உராய்வுக் குணகமும் குணகம். முன்னது பாஸ்கலில் அளக்கப்படும் தகைவு–திரிபு விகிதம். பின்னதற்கு அலகே கிடையாது. modulus, coefficient என்ற இரண்டு வேறு கலைச்சொற்களை ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, 'தமிழில் படித்தால் குழப்பம்' என்று மாணவர்மேல் பழிபோடுவது அநியாயம். மொழிபெயர்ப்பவர்கள் அடுத்த வகுப்பறையின் நூலைக்கூடப் புரட்டுவதில்லை. கணக்கிலும் புள்ளியியலிலும் ஈருறுப்புக் கெழு, ஒட்டுறவுக் கெழு என்று ஏற்கெனவே வழங்குகிறது. உராய்வுக்கும் அதையே சொல்லி, குணகத்தை யங்குக்கு விட்டுவிடலாம்.