மூட்டு வலி லீவுக்கு இ.எஸ்.ஐ. பணம்: 15 நாள் கணக்கைக் கவனியுங்கள்

சேலத்து நூற்பாலைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு முழங்கால் வலியும் இடுப்பு வலியும் புதிதல்ல. வலி தாங்காமல் சில நாள் லீவு போட்டுவிட்டு, அந்தச் சம்பளம் போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அப்படி விட வேண்டியதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஆலையில் 10 பேராவது வேலை செய்ய வேண்டும். நாலைந்து பேர் உட்கார்ந்து வேலை செய்யும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் பெரும்பாலும் இதற்குள் வருவதில்லை, குறைதான்.

கிடைப்பது சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்காவது இந்தப் பிடித்தம், அதாவது சந்தா, போயிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கேட்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை.

முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. விட்டு விட்டு வரும் மூட்டு வலிக்காரர்களுக்கு இதுதான் இடிக்கும். ஆனால் பணம் வாங்கிய லீவு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த 2 நாளைக் கழிக்க மாட்டார்கள். நாள் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். முதலில் 7 நாள் லீவு: 5 நாளுக்கு 420 வீதம் 2,100 ரூபாய். பத்து நாள் கழித்து மறுபடி வலி, 4 நாள் லீவு: நாலுக்கும் சேர்த்து 1,680 ரூபாய்.

இதற்கெல்லாம் இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றுதான் ஆதாரம். அதனால் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் போகாமல், முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். வேலைக்குத் திரும்பலாம் என்ற கடைசிச் சான்றையும் மறக்காமல் வாங்குங்கள். சம்பளத்தோடு லீவு எடுத்த நாளுக்கு இந்தப் பணம் வராது.

இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தால் கதை வேறு. அது நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2 ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, போதிய சந்தாவும் கட்டியிருந்தால் 91 நாளுக்குப் பிறகும் 80 சதவீதம் கிடைக்கும். மூட்டுத் தேய்மானமும் முடக்குவாதமும் அந்தப் பட்டியலில் இல்லை.